பினாங்கிலிருந்து லண்டன்: 10,300 கிலோமீட்டருக்கு 14 மணி நேரமா?

கேட்டவர் பட்டர்வொர்த்காரர். மகளைப் படிப்புக்கு லண்டனுக்கு அனுப்பப் போகிறார். இணையத்தில் தூரக் கணக்கு பார்த்திருக்கிறார். பினாங்கு–லண்டன் சுமார் 10,300 கிலோமீட்டர் என்று வந்திருக்கிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று வைத்து வகுத்தால் பதினொன்றரை மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை. டிக்கெட்டில் போட்டிருப்பதோ கோலாலம்பூரிலிருந்தே ஏறக்குறைய 14 மணி நேரம், திரும்பி வர ஏறக்குறைய 13. "மீதி நேரம் எங்கே போகிறது? போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு ஏன்? பூமி சுற்றுவதாலா?" என்பது அவர் கேள்வி.

விமானங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் பார்த்த எண் சரியானதுதான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய கோடு போட்டால் 10,280 கிலோமீட்டர் சொச்சம் வரும். ஆனால் அந்தக் கோட்டில் உங்கள் மகள் பறக்கப் போவதில்லை. முதலில் தெற்கே 325 கிலோமீட்டர் இறங்கி கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ வர வேண்டும். அங்கிருந்து லண்டன் 10,600. ஆக 10,900-க்கு மேல் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோலாலம்பூர்–லண்டன் குறுக்குக் கோட்டை உருண்டையில் வரைந்து பாருங்கள். அது வடமேற்காக மலாக்கா நீரிணை மேல் ஏறி, பினாங்குத் தீவுக்கு ஐம்பது கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. அதாவது மகள் வீட்டிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, விமானம் ஏறி, அரை மணி நேரத்தில் மறுபடியும் நம் ஊர் ஓரமாகவே போவாள். வலது பக்க சன்னல் ஓர இருக்கையும் மேகமில்லாத இரவும் வாய்த்தால் தீவின் விளக்குகள் தெரியவும் கூடும். பினாங்குக்காரர்களுக்கு இது பழகிய எரிச்சல். நேரடி விமானத்தை நிரப்ப நம் ஊரில் மட்டும் தினமும் அத்தனை பேர் கிடைப்பதில்லை, வேறென்ன.

சரி, 10,600-ஐ 900-ஆல் வகுத்தாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான் வருகிறது. இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கிறது. அதில் முதல் பங்கு போகும் இடம் பாதைதான்.

பள்ளிக்கூடச் சுவர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து கோலாலம்பூரையும் லண்டனையும் சேர்த்தால் கோடு நெல்லூர்ப் பக்கம் இந்தியாவுக்குள் நுழைந்து, அரபிக்கடல், ஈராக் என்று போகும். அது குறுகிய வழி அல்ல. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததால் வந்த கோளாறு. உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நூல் வடக்கே வளைந்தது போலத் தெரியும். உண்மையில் அதுதான் நேர்வழி. அந்த நேர்வழி எந்தெந்த ஊர் மேல் போகிறது என்று கணக்குப் போட்டால் ஒரு நிமிடம் அசந்து போவீர்கள். வங்காள விரிகுடாவைக் கடந்து ஒடிசாவில் கரையேறுகிறது. லக்னோ மேல் போகிறது. இமயமலை அடிவாரத்தை உரசிக்கொண்டு இஸ்லாமாபாத் மேல் போகிறது. ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைகள், காஸ்பியன் கடலின் வடபகுதி, ரஷ்யாவின் தென்மேற்கு மூலை, கிழக்கு உக்ரைன், கீவுக்கு வடக்கே, வார்சா, பெர்லின் பக்கம், அப்புறம் லண்டன். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைக் கோர்த்தது போல இருக்கிறது, இல்லையா?

இந்தக் கோட்டில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதுதான் என் போன்றவர்களுக்குத் தினசரிப் பிழைப்பு. உக்ரைனை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்எச் 17 அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள், அதில் 43 பேர் மலேசியர்கள். அந்தப் பகுதியில் 32,000 அடிக்குக் கீழே பறக்கத்தான் அன்று தடை. விமானம் 33,000 அடியில் இருந்தது. அனுமதிக்கப்பட்ட பாதைதான், வான்பரப்பை மூடுவதற்குள் அன்றைக்கு மட்டும் 160 விமானங்கள் அதே பகுதியைக் கடந்திருந்தன என்று டச்சு விசாரணை அறிக்கை சொல்கிறது. "ஏன் அந்த வழியாகப் போனார்கள்" என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஆம்ஸ்டர்டாமுக்கும் நமக்கும் நடுவே அதுதான் குறுக்குவழி.

மூன்று நாள் கழித்து, உக்ரைனை விலக்கிப் போன ஒரு கோலாலம்பூர்–லண்டன் விமானம் சிரியா மேல் பறந்தது என்று பெரிய சர்ச்சை ஆனது. ஒரு போரைச் சுற்றிப் போனால் இன்னொரு போர். இந்தப் பாதையின் தலையெழுத்தே அப்படி.

2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு முழுக்க மூடப்பட்டுவிட்டது. பக்கத்து ரஷ்யப் பகுதியையும் விவரம் தெரிந்த நிறுவனங்கள் தொடுவதில்லை. அதனால் தெற்கே இறங்கித்தான் ஆக வேண்டும்: இந்தியாவைக் கடந்து, அன்றைய நிலவரப்படி பாகிஸ்தான், ஈரான் வழியோ வளைகுடா வழியோ, துருக்கி, கருங்கடலின் தென்பகுதி, ருமேனியா என்று வளைந்து போக வேண்டும். இதிலும் எந்த நாளும் ஒரு துண்டு கழன்று போகலாம். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்பரப்பை மூடியது. பழையபடி திறக்க ஜூலை 16 ஆயிற்று. அந்த மாதங்களில் இந்தப் பக்கத்திலிருந்து ஐரோப்பா போன விமானங்கள் பல அரபிக்கடல் வழியாகச் சுற்றின.

மலையும் ஒரு தடைதான். இந்துகுஷ் சிகரங்களில் சில 25,000 அடியைத் தாண்டும். விமானம் 35,000 அடியில் போகிறதே, இடிக்கவா போகிறது என்று தோன்றும். பிரச்சினை வேறு. நடுவானில் கேபின் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் பிராணவாயு முகமூடி பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரம், அதற்குக் கொஞ்சம் முன்பின் தாங்கும், அவ்வளவுதான். கீழே மலை இருந்தால் எங்கே இறங்குவது? ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் "இங்கே அழுத்தம் போனால் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக, இந்த விமான நிலையத்துக்கு" என்று முன்கூட்டியே எழுதி வைத்துத்தான் அந்த மலைகள் மேல் அனுப்புவோம். சமவெளி வழி கிடைத்தால் நூறு கிலோமீட்டர் கூடினாலும் நிம்மதி.

இப்படி வளைந்து நெளிந்து போவதில் 10,600 என்பது பல நாட்களில் 11,000-ஐத் தாண்டிவிடும். உங்கள் கணக்கிலிருந்து முதல் துண்டு இங்கே விழுந்தது.

அடுத்தது காற்று. இதற்கு முன் அந்தப் பூமி சுற்றும் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகம். விமானம் மேலே எழும்பியதும் பூமி அடியில் தனியாக நழுவுகிறது என்றால், லண்டன் நம்மை நோக்கி ஓடி வர வேண்டும். போவது சட்டென்று முடிந்து, வருவதுதான் இழுக்க வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறதே! காரணம், காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. காற்றில் மிதக்கும் விமானமும் அப்படியே. பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் இடிஎஸ் ரயிலுக்குள் காண்டீனை நோக்கி நடக்கிறீர்கள்; முன் பக்கம் நடந்தாலும் பின் பக்கம் நடந்தாலும் எடுக்கும் நேரம் ஒன்றுதானே? அதே கதைதான்.

விமானத்தின் 900 கிலோமீட்டர் என்பது காற்றுக்குள் அதன் வேகம். தரைக்கு எத்தனை என்பது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது. வட இந்தியா முதல் ஐரோப்பா வரை, விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் காற்று வீசும். அதில் ஆறு போல ஒடுங்கி வேகமாக ஓடும் பகுதிக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். டிசம்பர், ஜனவரியில் இமயமலைக்குத் தெற்கே அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். லண்டன் போகிறவர் இதை எதிர்த்து ஏறுகிறார். வருகிறவர் இதன் முதுகில் வருகிறார்.

அப்படியானால் பூமி சுழல்வதற்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு, ஆனால் சுற்று வழியாக. வெப்பமண்டலத்தில் சூடேறிய காற்று மேலே எழும்பி வடக்கே நகர்கிறது. பூமி சுழல்வதால் அது நேராக வடக்கே போக முடியாமல் கிழக்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தில் பிறப்பதுதான் இந்தக் காற்று. விமானத்தைப் பூமி இழுப்பதில்லை. பூமி திருப்பிவிட்ட காற்று இழுக்கிறது.

நம் சென்னை, திருச்சி விமானங்களில் இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து சென்னை 2,630 கிலோமீட்டர், திருச்சி 2,690 கிலோமீட்டர் அளவு. இரண்டும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும் பயணம். அந்தப் பெரிய மேற்குக் காற்று இவ்வளவு தெற்கே முழு வேகத்தில் இறங்குவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியா மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடும். 1958-இல் இதை விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். ஜூலையில் சென்னை போகிறவருக்கு அந்தக் காற்று பின்னால் இருந்து தள்ளும். ஊருக்குப் போகும்போது சீக்கிரம் போய்விட்டது, வரும்போதுதான் இழுத்தது என்று யாராவது சொன்னால், ஆசையில் சொல்கிறார் என்று சிரிக்க வேண்டாம். உண்மையாகவும் இருக்கலாம்.

மறுபடியும் லண்டன். தோராயமாக ஒரு நாள் கணக்கைப் போடுவோம். சுற்றுப் பாதை 11,200 கிலோமீட்டர் என்று வையுங்கள். வழி நெடுக எதிர்க்காற்று சராசரி 50 என்றால் தரை வேகம் 850. வகுத்தால் 13 மணி 10 நிமிடம். வரும்போது அதே தூரத்துக்குச் சராசரி 40 பின்னிருந்து தள்ளினால் 940. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது. காற்று தினமும் மாறும், அதனால் பாதையும் தினமும் மாறும். போகும் விமானத்தை எதிர்க்காற்று குறைந்த வழியில் ஒதுக்கி அனுப்புவோம், வரும் விமானத்தைக் காற்று ஓடும் இடத்தில் கொண்டுபோய் விடுவோம். தூரம் கூடினாலும் எரிபொருள் மிச்சமாகும் நாட்கள் உண்டு.

பாக்கி அரை மணி, முக்கால் மணி நேரம் எங்கே? டிக்கெட்டில் இருக்கும் 14 மணி நேரம் பறக்கும் நேரம் அல்ல. இங்கே நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் நகர்ந்த நொடி முதல், அங்கே நிறுத்துமிடத்தில் சக்கரம் நின்ற நொடி வரை. கேஎல்ஐஏ பெரிய இடம். ஓடுபாதை முனைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். முழு எரிபொருளோடு கிளம்பும் விமானம் கனமானது. எடுத்த எடுப்பில் 40,000 அடிக்கு ஏற முடியாது. எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாகத்தான் ஏறும்.

ஹீத்ரோ இன்னொரு ரகம். ஓடுபாதை இரண்டே இரண்டு, வரும் கூட்டமோ உலகக் கூட்டம். லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக விமானங்களை வட்டமடிக்க விடுவார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம் சுற்றிவிட்டுத்தான் முறை வரும். விடிகாலையில் போய்ச் சேரும் விமானங்களுக்கு இரவு நேரச் சத்தக் கட்டுப்பாடு வேறு. எதிர்க்காற்று குறைந்து முன்னதாக வந்துவிட்டோம் என்று நினைத்த நேரத்திலே இறங்க முடியாது. இந்தச் சுற்றலையும் சேர்த்துத்தான் அட்டவணை எழுதுகிறார்கள். "விமானி இருபது நிமிடம் முன்னாடியே கொண்டுவந்துட்டார்" என்று பயணிகள் மெச்சும் நாட்களில், அந்த இருபது நிமிடம் முதலிலேயே கூட்டி வைத்ததுதான். விமானிக்குக் கிடைத்த பாராட்டை நான் கெடுப்பானேன்.

துபாய், தோஹா வழியாகப் போனால் தூரம் எக்கச்சக்கமாகக் கூடும் என்று இன்னொரு பயம் சிலருக்கு. அப்படி இல்லை. கோலாலம்பூர்–துபாய் 5,550, துபாய்–லண்டன் 5,500, சேர்த்து 11,050. நேர்க்கோட்டைவிட 450 கிலோமீட்டர்தான் அதிகம், அரை மணி நேரப் பறப்பு. தோஹா வழி அதைவிட ஒரு நூறு கூட. இப்போதெல்லாம் நேரடி விமானமே தெற்கே வளைந்து போவதால் அந்த வித்தியாசமும் சுருங்கிவிட்டது. உண்மையில் நேரம் போவது நடுவில் உட்காரும் இரண்டு, மூன்று மணி நேரத்தில். ஒரு காலத்தில் நடுவில் இறங்காமல் யாரும் போனதில்லை. 1982 ஜூன் 24 அன்று ஜாவா அருகே எரிமலைச் சாம்பலில் நான்கு எஞ்சினும் நின்றுபோய்ப் பின்பு உயிர் பிழைத்ததே பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, அது லண்டனிலிருந்து பம்பாயில் இறங்கி, கோலாலம்பூரின் அன்றைய விமான நிலையமான சுபாங்கில் இறங்கி, அப்புறம்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியிருந்தது.

முதல் தடவை தனியாகப் போகும் பிள்ளைக்கு என் யோசனை, கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம். எதில் போனாலும் பினாங்கு முதல் லண்டன் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். பினாங்கு–கோலாலம்பூர் தனி, கோலாலம்பூர்–லண்டன் தனி என்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் போகும். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கடிகாரம், ஏனென்றால் டிக்கெட்டில் இருக்கும் நேரங்களை நேராகக் கழித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் அதிகம். எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால். தீபகற்பத்தில் அது ஏழரையாக இருந்ததை, சபா சரவாக்கோடு ஒன்றாக்க 1982 ஜனவரி 1 முதல் எட்டாக்கினார்கள். இந்தியாவோடு சரியாக இரண்டு மணி நேரமாக இருந்த வித்தியாசம் இரண்டரை ஆனது அப்போதுதான். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் வித்தியாசம் 7, மற்ற மாதங்களில் 8.

இரவு 11:30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6:10-க்கு லண்டன் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தால், வெறும் கழித்தலில் 6 மணி 40 நிமிடம். செப்டம்பர் என்றால் 7 கூட்டுங்கள். 13 மணி 40 நிமிடம். திரும்பும்போது இதே எண்ணைக் கழிக்க வேண்டும். மகள் அங்கே இறங்கும் காலை 6:10, பட்டர்வொர்த்தில் மத்தியானம் 1:10. ஆனால் 1:10-க்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி என்று எல்லாம் முடித்து அவள் வெளியே வர ஒன்றரை மணி நேரம் விடுங்கள். இறங்கியதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், விமான எண்ணைப் போட்டு விமானம் தேடும் செயலியில் பாருங்கள். கோடு எங்கெங்கே வளைந்து போகிறது என்பதும் அதிலேயே தெரியும்.